புல் இல்லாத கரையில் கோல்ஃப்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் கோல்ஃப் ஆடலாம் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளைப் பார்த்துக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊர்களில், புல்லுக்கு ஊற்ற எங்கே போவது? நியாயமான கேள்விதான். வெயில் ஊரில் பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றைப் பச்சையாக வைத்திருக்க தினமும் லட்சக்கணக்கான லிட்டர் வேண்டும். அப்படி ஒரு மைதானம் நம் பக்கம் வர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. நான் சொல்வது மணலில் ஆடுகிற கோல்ஃப். அதற்குத் தேவையான மணலும் காற்றும் வெட்டவெளியும் பெரியபட்டினத்திலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன.

துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் புல் மைதானம் திறந்தது 1988-ல். அதற்கு முன்னால் வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் ஆடியதெல்லாம் மணலில்தான். இன்றைக்கும் சில ஊர்களில் மணல் மைதானங்கள் உண்டு. கத்தாரில் மிசையீத் தொழிற்பேட்டைப் பக்கம் அப்படி ஒன்றில்தான் நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். நான் அங்கே இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். கூட வேலை பார்த்த ஆலப்புழைக்காரர் ஒருவர், வெள்ளிக்கிழமை காலையில் பை தூக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார். கொஞ்ச நாளில் பையை அவரே தூக்கிக்கொண்டு மட்டையை என் கையில் கொடுத்துவிட்டார்.

மணல் கோல்ஃபின் முறை எளிது. ஒவ்வொருவரும் கையில் ஒரு துண்டு பிளாஸ்டிக் புல் விரிப்பு வைத்திருப்பார்கள், வாசலில் போடும் மிதியடி அளவுக்கு. ஃபேர்வே என்பது பெயின்ட் அடித்த கற்களால் கோடு போட்ட பகுதி. அதற்குள் பந்து விழுந்தால் எடுத்து விரிப்பின்மேல் வைத்து அடிக்கலாம். கோட்டுக்கு வெளியே போனால் மணலில் கிடக்கிறபடியே அடிக்க வேண்டும். குழி இருக்கிற இடத்தில், புல்லை ஒட்ட வெட்டிய கிரீனுக்குப் பதிலாக பிரவுன். மணலில் எண்ணெய் கலந்து உருட்டிக் கெட்டிப்படுத்திய வட்டம் அது. ஆடி முடித்ததும் கால்தடத்தை இழுவைக் கட்டையால் சமப்படுத்திவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். மற்றபடி விதி, கணக்கு, மரியாதை எல்லாம் புல் மைதானத்தில் உள்ளதுதான்.

அங்கே கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டிகளில் பல வருஷம் ஆடினேன். பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்டு முறை. புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் கணக்கில் தொடங்காதீர்கள், குழிக்குக் குழி புள்ளி போடும் ஸ்டேபிள்ஃபோர்டில் தொடங்குங்கள். ஒரு குழிக்கு நிர்ணயித்த அடிக்கணக்கான பாரில் முடித்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்து பர்டி என்றால் 3. அதற்கும் மேல் கெட்டுப்போனால் பூஜ்யம், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடலாம். ஒரு குழியில் பத்துப் பதினொன்று என்று ஏறி அன்றைய நாளே பாழாகும் பயம் இல்லை. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஆங்கிலேய டாக்டர் கண்டுபிடித்த முறை இது. காற்று பலமாக அடிக்கும் மைதானத்தில் சாதாரண ஆட்டக்காரர்கள் மனம் விட்டுப்போகாமல் ஆட வேண்டும் என்றுதான் அவர் இதைக் கொண்டுவந்தார். 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கடற்கரை கிளப்பில் இதை வைத்துப் போட்டி நடந்தது. கடற்காற்றுக்காகப் பிறந்த கணக்கு, நம் கரைக்குப் பொருந்தாமல் போகுமா?

ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பிய பிறகு கொடைக்கானல் பக்கம் போக ஆரம்பித்தேன். நமக்குக் கிட்டத்தில் முறையான பதினெட்டுக் குழி என்றால் அதுதான். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது. ராம்நாட்டில் பஸ் ஏறி மதுரை, அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலை. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே. காற்றின் அடர்த்தி குறைவதால் பந்து நம் ஊரைவிட நன்றாகவே தூரம் போகும். வழக்கமாக ஏழாம் நம்பர் அயர்ன் மட்டை எடுக்கிற தூரத்துக்கு, அதைவிடக் குறைந்த தூரம் போகும் எட்டாம் நம்பர் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே இருந்து போகிறவர்கள் முதல் நாள் முழுக்க கிரீனைத் தாண்டியே அடித்துக்கொண்டிருப்பார்கள். போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே மேலே போய், ஒவ்வொரு மட்டைக்கும் தூரம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. காட்டெருமை ஃபேர்வேயில் மேய்ந்துகொண்டிருந்தால் அது நகர்கிறவரை காத்திருக்க வேண்டும். அவசரம் காட்டக்கூடாத விஷயம் அது.

நான் ஆடிய போட்டிகளில் இன்னும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அங்கே நடந்த ஒரு மேட்ச் பிளே அரையிறுதியை, அதாவது இருவர் மோதி யார் அதிகக் குழிகளை வெல்கிறார் என்று பார்க்கும் ஆட்டத்தை. ஆட்டக்காரரின் திறமைக்கேற்ப அடிகளில் சலுகை கொடுக்கும் ஹேண்டிகேப் பிரிவு. எதிரே ஆடியவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். டிரைவர் என்ற நீள மட்டையை எடுத்தால் என்னைவிட ஐம்பது கெஜம் முன்னால் போய் நிற்பார். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி, கூடவே குளிர்காற்றும் சேர்ந்துகொண்டது. அவர் கிரீனுக்குப் பந்தை உயரத் தூக்கி அடித்தார். காற்று அதை எடுத்துக்கொண்டுபோய் வேறெங்கோ போட்டது. நான் தூக்கவே இல்லை. பந்தை வலது கால் பக்கம் தள்ளி வைத்து, கையைப் பந்துக்கு முன்னால் வைத்து, முக்கால் வீச்சில் ஏழாம் நம்பரால் தட்டினேன். இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்பாமல் போய் விழுந்து உருண்டு கிரீனில் ஏறியது. கடைசி நான்கு குழிகளிலும் அதே அடிதான். பதினேழாவது குழியில் மேட்ச் முடிந்தது. இறுதி ஆட்டத்தில் என்னைவிட நல்ல ஆட்டக்காரரிடம் பதினெட்டாவதில் தோற்றேன். ஆனால் அந்த அரையிறுதி ஒரு விஷயத்தை உறுதிப்படுத்தியது: மணலிலும் காற்றிலும் கற்றவனுக்குப் புல்லில் ஆட முடியும். அப்புறம்தான் ஊரில் ஒரு மைதானம் போடும் எண்ணம் வந்தது.

எங்கே போடுவது? எல்லோரும் கடற்கரையைத்தான் காட்டினார்கள். நான் உறுதியாக வேண்டாம் என்றேன். நம் கரைக்கு எதிரே இருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று 1986-ல் அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கடலில் போய் விழும் கோல்ஃப் பந்து மக்காது, உடைந்து துகளாகிக் கடலிலேயே கிடக்கும். வருஷத்தின் முதல் மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற கரையும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, கரை என்பது மீனவர்கள் வேலை செய்யும் இடம். வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, வள்ளம் ஏறி இறங்குகிறது. அங்கே பந்தடிக்கப் போவது முறையில்லை.

உறவுக்காரர் ஒருவருக்குப் பனங்காட்டுக்கு மேற்கே தரிசு நிலம் இருந்தது. முழுக்க சீமைக் கருவேலம். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு மரத்தைக் கொடுத்தோம். அவர்களே வெட்டி, வேரையும் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். வந்த காசு நிலத்தைச் சமப்படுத்தப் போதுமானதாக இருந்தது. நம் மாவட்டத்தில் யார் இதைச் செய்ய நினைத்தாலும் இதே வழிதான்: கருவேலத்தை நீங்கள் வெட்டச் செலவழிக்காதீர்கள், அது வேண்டியவர்களிடம் கொடுங்கள். ஆனால் வேர் வரை எடுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி முளைத்து நிற்கும். முள் எங்காவது மிச்சம் இருக்கத்தான் செய்யும். ஹவாய் செருப்போடு யாரையும் உள்ளே விடக்கூடாது, தடித்த அடியுள்ள ஷூ கட்டாயம்.

ஊர்ப் பிள்ளைகளும் ஆடிப் பழக ஆறு குழி மட்டும் போட்டோம். மூன்று சுற்று வந்தால் பதினெட்டு. இதில் நிஜமான உழைப்பு பிரவுனில்தான் இருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வளைகுடாவில் செய்வதுபோல் எண்ணெய் ஊற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. நம் நிலத்தடி நீர் ஏற்கெனவே கெட்டுக்கிடக்கிறது, அதில் கழிவு எண்ணெயும் சேர வேண்டாம். பதிலுக்கு இப்படிச் செய்தோம். பத்துத் தப்படி அகலத்துக்கு வட்டம் போட்டு, ஒரு சாண் ஆழம் மண்ணை எடுத்தோம். அதில் கண்மாய் வண்டல் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு கலந்து நிரப்பி, தண்ணீர் தெளித்து உருளையால் உருட்டினோம். பழைய தார் டிரம்மில் கான்கிரீட் போட்டு நடுவில் கம்பி சொருகியதுதான் உருளை. அது காய்ந்ததும் மேலே, சிமென்ட் பூச்சு வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையில் சலித்த மணலை விரல் கனத்துக்கும் குறைவாகப் பரப்பினோம். தெளித்த தண்ணீர் போரில் வரும் உவர் தண்ணீர். குடிக்க உதவாது, செடிக்கு ஊற்றினால் செடி கருகும், ஆனால் பிரவுனுக்கு அதுதான் நல்லது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மேல்மண் புழுதியாகப் பறக்காமல் படிந்து கிடக்கிறது. தெளித்து ஒரு இரவு விட்டால் காலையில் பந்து கேரம் போர்டில் காய் ஓடுகிற மாதிரி ஓடும். மணலைக் கூடுதலாகப் போட்டால் வேகம் குறையும், குறைத்தால் கூடும். கொடைக்கானல் போட்டிக்குப் போவதற்கு முந்தைய வாரங்களில் மணலைக் கிட்டத்தட்ட துடைத்தே எடுத்துவிடுவோம், பிள்ளைகளின் கை வேகத்துக்குப் பழகட்டும் என்று.

குழிக்குள் வைக்கும் கிண்ணம் கடையில் வாங்க வேண்டியதில்லை. விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 110 எம்எம் பிவிசி குழாயை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து இறக்கினால் உள்விட்டம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். பயிற்சிக்கு நல்லது, இந்தக் குழியில் போட்டுப் பழகியவர்களுக்குப் புல் மைதானக் குழி தாராளமாகத் தெரியும். கொடிக்கம்பு சவுக்கு. கொடி, மீனவர்கள் வலை மிதவையில் கட்டுகிற கறுப்புத் துணி. வெள்ளை வெயிலில் சிவப்பும் மஞ்சளும் மங்கிப்போகும், கறுப்பு மட்டும் தெளிவாகத் தெரியும். இதைச் சொல்லிக் கொடுத்தது நாட்டுப்படகில் போகிற ஒரு பெரியவர்.

பந்து மட்டும் ஆரஞ்சு நிறம்தான். வெள்ளை மணலில் வெள்ளைப் பந்தைத் தேடி முடியாது. 2019-லிருந்து பந்து தேட மூன்றே நிமிஷம்தான், முன்பு ஐந்து நிமிஷம் இருந்தது. வெள்ளைப் பந்தை முட்டை என்று நினைத்துக் காக்கை தூக்கிக்கொண்டு போவதும் உண்டு.

மட்டைகளை வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் லக்கேஜில் பழைய செட்டாகக் கொண்டு வந்து கொடுத்தார்கள். ஆள் ஒருவருக்குப் பதினான்கு மட்டை வரை விதி அனுமதிக்கிறது. பிள்ளைகளுக்கு ஐந்து போதும்: ஒரு ஹைப்ரிட், ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், மணலிலிருந்து எடுக்க சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்ட பட்டர். வெட்ஜ் விஷயத்தில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் அடிப்பாகம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதை பவுன்ஸ் என்பார்கள். தளர்ந்த மணலுக்குப் பவுன்ஸ் அதிகமானது நல்லது, மட்டை புதையாமல் வழுக்கிக்கொண்டு வரும். நம் உவர் நிலத்தில் வெயில் காய்ந்து பொருக்குத் தட்டின இடத்தில் அதே வெட்ஜ் தரையில் மோதித் துள்ளி, பந்தின் தலையில் அடித்துவிடும். அங்கே பவுன்ஸ் குறைந்ததோ ஒன்பதாம் நம்பரோதான் சரி. ஆடி முடித்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைத்தால்தான் உப்புக் காற்றில் தண்டு துருப்பிடிக்காது.

காற்றைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது குறைவு. வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். கார்த்திகைக்கு மேல் வாடை, அப்போது நேர்மாறு. கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். ஒரு நாள் காலையில் மூன்றாவது குழிக்கு அடிக்க நின்றேன். பக்கத்தில் நின்ற பையன், "இருங்க மாமா, கச்சான் ஒரு இழுப்பு இழுத்துட்டு விடும், அப்ப அடிங்க" என்றான். பனை ஓலை சலசலப்பு அடங்கிய அந்த நொடியில் அடித்தேன். பந்து நேராகப் போனது. எந்தக் கோச்சும் எனக்குச் சொல்லாத விஷயம் இது. காற்றுக்கு எதிரே அடிக்கும்போது நான் அவர்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: வேகத்தைக் கூட்டாதே. ஓங்கி அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து மேலே ஏறும், மேலே ஏறினால் காற்றின் கையில் மாட்டிக்கொள்ளும். ஒரு நம்பர் குறைவான மட்டையை, அதாவது நீளமானதை, எடுத்து மெதுவாக அடிப்பதுதான் வழி.

நேரம் காலையில் சுபுஹு தொழுகைக்குப் பிறகு வெயில் ஏறுகிறவரை, மாலையில் அசருக்குப் பிறகு. நடுப்பகலில் அந்த நிலத்தில் நிற்க முடியாது.

புல் மைதானத்துக்கு முதல்முறை பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது, மணலில் வந்த பழக்கங்கள் சிலவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும். இதை முன்னாலேயே செய்யாவிட்டால் போட்டியில் நேரடியாகக் கையைக் கடிக்கும். நம் மைதானத்தில் எல்லாமே மணல் என்பதால், அடிப்பதற்கு முன் மட்டையைப் பந்துக்குப் பின்னால் தரையில் ஊன்றி நிற்பார்கள். அது தப்பில்லை. புல் மைதானத்தில் பங்க்கர் என்ற மணல் குழிக்குள் அதையே செய்தால் தண்டனையாகக் கணக்கில் இரண்டு அடி கூடும், மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போய்விடும். எங்கள் பையன் ஒருவன் மலையில் ஆடிய முதல் போட்டியில் பங்க்கரிலிருந்து அருமையாக எடுத்தான். அவன் கணக்கை எழுதும் மார்க்கர் அவனிடம் வந்து இரண்டு அடியைச் சேர்த்து எழுதச் சொன்னார். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதன் பிறகு எங்கள் நிலத்தின் ஒரு மூலையில் கயிறு கட்டி "இது பங்க்கர்" என்று வைத்தோம். கயிற்றுக்குள் மட்டை மணலைத் தொட்டால் இரண்டு அடி. அந்தப் பழக்கம் படிய ஒரு பருவம் பிடித்தது. இன்னொன்று சரிவு. எங்கள் பிரவுன் தட்டையானது, மலையில் கிரீன் எல்லாம் சாய்ந்திருக்கும். போட்டிக்கு முதல் நாள் பயிற்சி கிரீனில் வேறு எதையும் செய்ய விடாமல், பட்டரை மட்டும் கையில் கொடுத்து ஒரே குழியை நாலு பக்கத்திலிருந்தும் போடச் சொல்வேன். பந்து வளைவதைக் கண் பார்த்துப் பழகினால் போதும்.

ஆட்டத்தைவிட நான் அதிகம் நேரம் செலவிடுவது கார்டு எழுதுவதில். கோல்ஃபில் நடுவர் கூடவே வருவதில்லை. உன் கணக்கை எதிரே ஆடுகிறவர் எழுதுகிறார், நீ சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறாய். உண்மையில் அடித்ததைவிடக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே நீக்கம், கூட்டி எழுதினால் கூட்டினது அப்படியே நிற்கும். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ பதினேழாவது குழியில் 3 அடித்தார். மார்க்கர் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். சமநிலையில் முடித்து, வெற்றியாளரை முடிவுசெய்யும் பிளேஆஃபுக்குப் போக வேண்டியவர் ஒரே ஓர் அடியில் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். உலகமே டிவியில் பார்த்த 3 அது, ஆனாலும் கார்டில் இருந்தது 4. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் கார்டை ஒவ்வொரு குழியாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் குழி வாரியாக எதிராளியிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்கிறேன். வீட்டில் ஒருவன் மளிகைக் கடைக் கணக்கையும் அப்படியே படித்துக் காட்டுகிறான் என்று அவன் வாப்பா சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஊருக்குள் முதல் போட்டி வைத்தபோது பரிசைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. கபடிப் போட்டிக்குக் கொடுப்பதுபோல் முதல் பரிசு இவ்வளவு ரொக்கம், இரண்டாம் பரிசு இவ்வளவு என்று நோட்டீஸ் அடிக்க ஆள் தயாராக இருந்தார்கள். நல்ல மனசோடு வந்தவர்கள்தான். ஆனால் தொழிலாக ஆடாதவர்களுக்கான அமெச்சூர் விதி குறுக்கே நிற்கிறது. 2022-ல் திருத்திய விதிப்படி ஹேண்டிகேப் இல்லாமல் ஆடும் போட்டியில் 1000 டாலர் மதிப்பு வரை அமெச்சூர் ரொக்கமாகவும் வாங்கலாம். ஹேண்டிகேப் போட்டியில் ரொக்கம் கூடவே கூடாது, பொருளாகத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் போட்டி ஹேண்டிகேப் போட்டி. பிள்ளைகள் நாளைக்குப் பெரிய அமெச்சூர் போட்டிக்குப் போக வேண்டுமென்றால் இங்கேயே சுத்தமாக இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். எவர்சில்வர் அண்டா, பந்துப் பெட்டி, ஷூ என்று மாற்றிக்கொண்டார்கள். அண்டாவுக்கு அம்மாக்கள் மத்தியில் கிடைத்த மரியாதை ரொக்கத்துக்குக் கிடைத்திருக்காது. கற்றுக்கொடுக்கிறதுக்கும் நான் காசு வாங்குவதில்லை. பொதுவாக அமெச்சூர் ஒருவர் காசுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடாது, விதிவிலக்குகள் சில உண்டு. நான் இன்னும் போட்டிகளில் ஆடுகிறவன், அந்த அமெச்சூர் என்ற பெயர் எனக்கு முக்கியம்.

பெண் பிள்ளைகள் வந்தது 2021-க்குப் பிறகுதான். ஆகஸ்ட் 7-ஆம் தேதி காலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை அதிதி அசோக் கடைசிச் சுற்று ஆடியதை ஊரே டிவியில் பார்த்தது. கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் பார்த்தார்கள். ஒரே அடியில் வெண்கலம் போய் நான்காம் இடம் வந்தார். அடுத்த வாரம் கடற்பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இதுல என்னண்ணே கெடைக்கும்?" என்று கேட்டார். உறுதியாக எதையும் சொல்ல முடியாதும்மா, ஆனால் விளையாட விடுங்கள் என்றேன். அந்தப் பெண்ணுக்குப் பட்டர் பிடிக்கிற கையில் ஒரு அசையாத நிதானம். இன்று எங்கள் பிரவுனில் அவளை யாராலும் வெல்ல முடியவில்லை, என்னையும் சேர்த்துத்தான். முழுக்கைச் சட்டையோ முக்காடோ எதுவும் இந்த ஆட்டத்துக்குத் தடையில்லை. வெயிலுக்கு அது நல்லதும்கூட. வீட்டில் தயங்குகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணக்காரர் விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுவேன். 2009-ல் இந்தியன் ஓபனை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் ஆட்டக்காரர்களின் பை தூக்கும் கேடியாக இருந்தவர். கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியா, ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன். 2016-லும் 2017-லும் இந்தியன் ஓபனை வென்றார். மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அவர்கள் கைக்கு மட்டை வந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். எங்களிடம் பழகிய சிலர் கோடை சீசனில் மலை கிளப்புகளுக்குப் போய் கேடியாகவும் ஸ்கோர் எழுதவும் வேலை செய்கிறார்கள். விதி தெரிந்த, கார்டு எழுதத் தெரிந்த பையன் என்றால் அங்கே மறுபடியும் கூப்பிடுகிறார்கள். நாள் கூலிக்கு மேல், போட்டி முடிந்த மாலைகளில் அவர்களுக்கும் ஆடக் கிடைக்கிறது.

ஹேண்டிகேப் பற்றி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் நிலத்தில் ஆடிய ஸ்கோரை வைத்து அதிகாரபூர்வ ஹேண்டிகேப் வாங்க முடியாது. அதற்கு மைதானம் எவ்வளவு கடினம் என்று அளக்கும் கோர்ஸ் ரேட்டிங்கும் ஸ்லோப் ரேட்டிங்கும் போட்டிருக்க வேண்டும். 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் முதலில் 54 குழி ஆடிய ஸ்கோரைக் கொடுத்தால் ஹேண்டிகேப் கிடைக்கும், அதிகபட்சம் 54.0. அதன் பிறகு கடைசி 20 சுற்றில் நல்ல 8 சுற்றின் சராசரி. அந்த 54 குழியை அங்கீகாரம் உள்ள கிளப்பில், கூட ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட ஆட வேண்டும். ஒரே நாளில் ஆட வேண்டியதில்லை, ஒன்பது ஒன்பதாகவும் சேர்க்கலாம். நாங்கள் பள்ளி அரைப்பரீட்சை லீவில் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போய் இந்த 54-ஐ முடித்துவிடுகிறோம். அப்போது மைதானத்தில் கூட்டம் கோடையைவிடக் குறைவு. குளிர் அதிகம் என்பதால் ஸ்வெட்டரும் இரண்டு ஜோடி சாக்ஸும் வேண்டும், விரல் மரத்துப்போனால் பட்டர் பிடிக்க வராது.

பக்கத்து ஊர்களில் இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் ஒரே ஒரு பிரவுன் மட்டும் போடுங்கள். அதைச் சுற்றி ஐம்பது கெஜத்துக்குள் வெவ்வேறு இடத்தில் நின்று அடித்தால் ஒரு வருஷத்துக்கு அதுவே போதும். மழைக்கு முன்பு, புரட்டாசிக்குள், சுற்றிலும் வாய்க்கால் எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் வண்டலை இளக்கி மேலே கொண்டுவந்துவிடும், மறுபடி முதலிலிருந்து உருட்ட வேண்டியிருக்கும். உருளை எங்களிடம் இருக்கிறது. தை மாதத்துக்கு மேல் அது சும்மாதான் கிடக்கும், டிராக்டர் கொண்டு வந்தால் எடுத்துப் போகலாம்.